கைர்கென் பெயரில் பொரித்த ரொட்டி

தகப்பன் உயிரோடு இருக்கையில், விருந்துத் தட்டில் வந்த ஆட்டுத் தலையின் மேல் கத்தி வைக்கிறவனை எங்கள் கசாக் பக்கத்தில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அறுபது வயதாகிப் பேரன் எடுத்தவனாக இருக்கட்டும், மாவட்டத்துக்கே அதிகாரியாக இருக்கட்டும். அப்பா எங்கோ ஒரு மூலையில் இருமிக்கொண்டு கிடந்தாலும் போதும், தலை தன் பக்கம் வந்தால் கையை இழுத்துக்கொண்டு, 'எனக்கு மேலே ஆள் இருக்கிறார்' என்று சொல்லிவிட வேண்டும். தொட்டானா, அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவன் என்று பொருள். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. இது மெய்ராமுக்குத் தெரியாததா? ஆறு வயதிலேயே தெரியும். தெரிந்துதான் மூன்று குளிர்காலம் சனிக்கிழமை தவறாமல் அறுத்தான்.

மெய்ராமை அக்பெல் என்ற மலையூரில் எல்லாருக்கும் தெரியும். மலை உச்சிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் ஏறுகிற இடத்துக்கு எதிரே உள்ள பெரிய விடுதியில், பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்கிற கீழ்த்தளத்து ஸ்கீ அறை அவனுடையது. நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக ஸ்கீ கட்டைகளுக்கு அரம் போட்டு விளிம்பு தீட்டுவதும், இஸ்திரிப்பெட்டியால் மெழுகை உருக்கி அடியில் தேய்ப்பதும்தான் வேலை. வருகிறவர்களின் நடையைப் பார்த்தே காலணி அளவைச் சொல்லிவிடுவான். மனைவி ரௌஷான் மகளின் படிப்புக்காக அல்மாட்டி நகரத்துக்குப் போய்விட்டாள். புதுவருடத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்து, அவன் அறையைக் கூட்டிப் பெருக்கி, நன்றாகத் திட்டிவிட்டுப் போவாள். மற்றபடி தனி ஆள், வம்புதும்புக்குப் போகாதவன். ஆனால் பார்க்க எடுப்பாக இருப்பான். நரைத்த மீசை, அகன்ற தோள். அந்த எடுப்புதான் அவனைக் கெடுத்தது.

விடுதியின் பின்புறம் பெரிய கம்பளிக் கூடாரம் ஒன்று போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதற்குள் 'கசாக் குடும்ப விருந்து'. பகலெல்லாம் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள், கம்பளத்தில் காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்து இறைச்சி சாப்பிடுவார்கள். வீட்டுப் பெரியவராக வேஷம் கட்டிக்கொண்டிருந்த கிழவருக்கு முழங்கால் போய்விட்டதால், நிர்வாகி ஸமல் மெய்ராமைப் பிடித்தாள். பூவேலை செய்த நீள அங்கி, நரித்தோல் தொப்பி, எதிரே அவித்த தலை. அதிலிருந்து துண்டு துண்டாக அறுத்து விருந்தாளிகளுக்குக் கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தன் அப்பா இருக்கிறார் என்று மெய்ராம் சொல்லத்தான் செய்தான், அதில் குறையில்லை. ஸமல் சிரித்தாள். வருகிறவர்கள் ரஷ்யாக்காரர்கள், கொரியாக்காரர்கள், அவர்களுக்கு ஆட்டுத் தலையும் பூசணிக்காயும் ஒன்றுதான் என்றாள். அங்கியைப் போட்டுக்கொண்டால் நீங்கள் மெய்ராமே இல்லை, அப்புறம் யாருக்கு அப்பா, என்றும் கேட்டாள். அந்த வாரமே அவன் அங்கியைப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்தது போலத்தான் இருந்தது.

முதல் பொய்யை அந்தத் தலையே சொல்லிவிட்டது. மற்றதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்க வந்தவை. இரண்டாவது சனிக்கிழமை வயதான கொரியாக்காரர் ஒருவர் கத்தியைக் காட்டி, யாருடையது என்று கேட்டார். கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. அப்பாவுடையது என்றான். உண்மைதான், பிழைப்புத் தேடி ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அப்பா தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. அப்பா இருக்கிறாரா என்று அடுத்த கேள்வி. எதிரே தலை ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது. இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? இல்லை என்று தலையாட்டினான். கொரியாக்காரர் கண் கலங்கிவிட்டார். கூடாரம் முழுக்க ஒரே கைதட்டல். இது நன்றாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம் என்று ஸமல் அன்றைக்கே சொல்லிவிட்டாள். வாரத்துக்கு வாரம் கதை வளர்ந்தது. சாகும்போது அப்பா கத்தியை மகன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார் என்று ஒரு வாரம் சேர்த்தான். கடைசி மூச்சில் தன் குதிரையைக் கூப்பிட்டார் என்று இன்னொரு வாரம். கைதட்டலுக்கு அவனுக்கும் ருசி பழகிவிட்டது.

இதெல்லாம் வெளியூர்க்காரர்களோடு போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். அதே குளிர்காலம் சமையலறைக்குப் புதிதாக ஸௌரே என்ற அம்மாள் வந்து சேர்ந்தாள். செமேய் பக்கத்துக்காரி, விதவை, ஐம்பத்தைந்து வயது, கை நிறைய அள்ளிக் கொடுக்கிறவள். முதல் சனிக்கிழமை தலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தவள், மெய்ராம் அதில் கத்தி வைப்பதைப் பார்த்தாள். விருந்து முடிந்ததும் தேடி வந்து, அவன் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமப் போச்சு தம்பி. இந்த வயசுலயே தலைக்கு உக்கார வேண்டியதாப் போச்சே உங்களுக்கு. அப்பா எப்போ தவறினாங்க? மண்ணு அவருக்குப் பட்டு மாதிரி இருக்கட்டும்."

பரிமாறுகிற பெண்கள் சுற்றி நின்றார்கள். இல்லை அக்கா, அவர் இருக்கிறார் என்று சொன்னால், அப்புறம் இவ்வளவு நேரம் அறுத்தது என்ன என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் ஒரு பார்வை பார்ப்பாள், அது போதும். மூன்று வருடம் ஆயிற்று என்றான் மெய்ராம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஸௌரே, போய்ச் சேர்ந்தவர்களுக்காக எண்ணெயில் ஏழு ரொட்டி பொரித்து, பேர்களைச் சொல்லி துவா கேட்டு, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பிய்த்துக் கொடுப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கீ அறை வாசலில் மாவுக் கையோடு வந்து நின்றாள். உங்கள் அப்பாவையும் சேர்த்துக்கொள்கிறேன், பேர் சொல்லுங்கள் என்றாள். வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் துவாவில் பொய்ப் பேர் சொன்னால் பெரும் பாவமாயிற்றே என்று மெய்ராமுக்குத் தோன்றியது. அவனுடைய பக்தியைப் பாருங்கள். கைர்கென் என்று உண்மைப் பேரையே எடுத்துக் கொடுத்தான்.

அந்த நேரத்தில் கைர்கென், எழுபத்தெட்டு வயதை நெருங்கியவர், பேருந்தில் ஏழு மணி நேரத் தொலைவிலுள்ள தாஸ்புலாக் கிராமத்தில் ஆட்டைப் பட்டியில் அடைத்துக்கொண்டு, மகள் குல்யாஷோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆன்மா சாந்தியடைய இங்கே வாரா வாரம் எண்ணெய் கொதித்தது. ஸௌரே கொண்டுவந்து கொடுக்கும் துண்டை மெய்ராம் தின்று விழுங்கியாக வேண்டும். தொண்டையில் இறங்காது. இறங்காமல் எத்தனை நாள் இருக்கும்? மூன்று குளிர்காலம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

அப்பாவை அவன் அக்பெல்லுக்கு ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை. தலை விவகாரத்துக்கு முன்னாலும் கூப்பிட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கிழவருக்குத் தொண்டை பெரிது. அறைக்குள் பேசினாலும் எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். புது ஆளைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் குலம், ஏழு தலைமுறைப் பாட்டன் பேர் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். மேல்சட்டையில் ஆட்டு வாசனை. பளபளக்கும் விடுதிக் கூடத்தில் அவர் வந்து நிற்பதை நினைத்தாலே மெய்ராம் கூனிக் குறுகிப் போவான். குளிரில் வேண்டாம், கோடையில் வாருங்கள் என்பான். கோடையில் கேட்டால், இப்போது இங்கே பார்க்க என்ன இருக்கிறது, பனியே இல்லையே என்பான். அப்படியே இருபது வருடம் ஓட்டிவிட்டான்.

எங்கள் ஊர்களில் குளிர்காலத்துக்கென்று குதிரை அறுப்பார்கள். அதில் தாய் தகப்பனுக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்து, அவர்களை வரவழைத்து, வேகவைத்துப் போடுவது பிள்ளையின் கடமை. மெய்ராம் அந்தப் பங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவான். மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரியில், கிழவர் தொலைபேசியில் வந்தார். பங்கைப் பேருந்தில் அனுப்பாதே, நானே வந்து சாப்பிடுகிறேன், வியாழக்கிழமை சீட்டு எடுத்தாயிற்று என்றார். மெய்ராம் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்திறங்கினார். ஒரு சாக்கு நிறையக் காய்ந்த தயிர் உருண்டை, வெண்ணெய், மகனுக்கென்று கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. மெய்ராம் அவசர அவசரமாக அவரை விடுதி வழியாக அல்லாமல் பின்தெரு வழியாகத் தன் அறைக்குக் கூட்டிப்போனான். இறைச்சியை வேகவைத்துப் போட்டான். கிழவர் விரலை நக்கிச் சாப்பிட்டார். மெய்ராமின் கணக்கு இதுதான்: வெள்ளிக்கிழமை அறையிலேயே இருக்கச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி விருந்துக்குப் போகாமல் இருக்க வேண்டும், ஞாயிறு காலை பேருந்தில் ஏற்றிவிட வேண்டும். காய்ச்சலை ஸமல் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது பேர் வருகிறார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள் என்றாள். தெருவெல்லாம் வழுக்கும், வெளியே போகாதீர்கள் அப்பா என்று சொல்லி, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மெய்ராம் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தான்.

ஐம்பது வருடம் பனியில் ஆடு மேய்த்தவருக்கு வழுக்குமாம்.

மதியம் பரிமாறுகிற பெண் ஒருத்தி ஸ்கீ அறையில் எட்டிப் பார்த்து, உங்கள் தாஸ்புலாக் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். மெய்ராம் இஸ்திரிப்பெட்டியை அணைக்காமலே ஓடினான்.

நடந்தது இவ்வளவுதான். கிழவர் மகனைத் தேடி வந்திருக்கிறார். முன்வாசல் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடுவதைக் கண்டு ஒதுங்கி, எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போயிருக்கிறார். மெய்ராமைப் பார்க்க வேண்டும், தாஸ்புலாக்கிலிருந்து வருகிறேன் என்றிருக்கிறார். வேறெதுவும் சொல்ல ஸௌரே விடவில்லை. வெள்ளைத் தாடியும், ஓதத் தெரிந்த வாயுமாக ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை தானாக வந்து வாய்ப்பது இந்த ஊரில் லேசா? முதலில் உட்காருங்கள் பெரியவரே, டீ குடியுங்கள், எங்கள் ஆட்களுக்காக ஒரு துவா ஓதிவிடுங்கள் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மெய்ராம் வாசலை அடைந்தபோது ஓதல் முடிந்திருந்தது. கிழவர் உள்ளங்கைகளை விரித்துக் காத்திருந்தார். எதிரே ஏழு ரொட்டி. ஸௌரே பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா பிபிகுல். வீட்டுக்காரர் ஸாகென். எங்க தம்பி அல்திபெக். அப்புறம் நம்ம மெய்ராம் தம்பியோட அப்பா, தாஸ்புலாக் கைர்கென். உங்க ஊரு தான் பெரியவரே."

கிழவரின் கை காற்றில் நின்றது. தலை நிமிர்ந்தது. வாசலில் மகன் நின்றான். பிறகு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய தொண்டையை அடக்கி, பேர்களை வரிசையாகச் சொன்னார். பிபிகுல், ஸாகென், அல்திபெக். கடைசியாக, கைர்கென். ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார். ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று ஸௌரே ஆசையாகக் கேட்டாள். "எப்படிப்பட்ட மனுஷர்? தம்பி அவ்வளவா சொல்றதில்ல."

"தெரியும். சாதாரண ஆளு தாயி. தொண்டை பெரிசு, பிடிவாதக்காரன். பையன் மேல உசுரு. காட்டத் தெரியாது, அவ்வளவுதான்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சொந்தம்தான். தூரத்துச் சொந்தம்."

மெய்ராம் வாசலிலேயே நின்றான். இவர்தான் என் அப்பா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் ஸௌரேயின் முகத்தைப் பார்த்தான், வாய் ஒட்டிக்கொண்டது. பெற்ற தகப்பன் மகன் மானத்தைக் காப்பாற்றத் தன்னையே மறைத்துக்கொள்கிறார், இவன் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு. ஸௌரே அவனைப் பார்த்துவிட்டு, வாங்க தம்பி, உங்கள் ஊர்ப் பெரியவர் அப்பாவுக்கு என்ன அழகாக ஓதினார் என்று அவன் கையிலும் ஒரு துண்டைத் திணித்தாள். வாங்கித் தின்றான்.

வீட்டுக்கு நடக்கையில் கிழவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தேவலாம் என்றிருந்தது மெய்ராமுக்கு. தெருவோடு ஸ்கீ காலணியில் டக்டக்கென்று நடந்து போகிறவர்களைக் காட்டி, இவர்களுக்கு எல்லாம் காலில் என்ன, லாடமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை மெய்ராம் அவரைக் கம்பிவடப் பெட்டியில் ஏற்றி உச்சிக்குக் கூட்டிப்போனான். கூடப் பெட்டியில் ஏறிய இரண்டு இளைஞர்களிடம் அவர் குலம் கேட்கவில்லை, பாட்டன் பேர் கேட்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"இந்தப் பனிக்கு அடியில நல்ல புல்லு இருக்கும்டா. குதிரை காலால தோண்டித் தின்னும். இவங்க மேலயே வழுக்கிட்டுப் போயிடறாங்க."

அவர் மெதுவாகப் பேசியது மெய்ராமை அறைந்தது போலிருந்தது. இருபது வருடம் அவன் ஆசைப்பட்டது அதுதானே, அப்பா கொஞ்சம் மெதுவாகப் பேசினால் என்ன என்று. இப்போது அந்தப் பழைய சத்தம் ஒருதரம் வராதா என்றிருந்தது.

சனிக்கிழமை விருந்துக்கு அவர் வருவதாகவே இல்லை. கால் வலிக்கிறது, படுத்துக்கொள்கிறேன் என்றார். விடுவாளா ஸௌரே? தெரு முனையில் இருக்கிற அறைக்கு ஆளையே அனுப்பிவிட்டாள். வெளியூர்க்காரர்களெல்லாம் தின்கிறார்கள், நம் பெரியவர் தனியே கிடப்பதா என்று. மெய்ராம் அங்கியும் தொப்பியுமாகக் வாசலுக்கு எதிரே, வீட்டுப் பெரியவருக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கதவுத் திரையை விலக்கிக்கொண்டு கிழவர் உள்ளே வந்தார். மரியாதை இடத்துக்கு வந்து உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, காலணிகள் குவிந்து கிடக்கிற வாசலோரமாகவே உட்கார்ந்தார்.

தலை வந்தது. ஸௌரே ஆட்டின் மூக்கு அவன் பக்கம் பார்க்கும்படி தட்டை வைத்தாள். மெய்ராம் கத்தியை எடுத்தான். அப்பாவின் கத்தி, அதைக் கொடுத்தவர் பத்தடி தூரத்தில். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்துவிட்டால் போதும் என்று மனது அடித்துக்கொண்டது. எழுந்திருக்கப் போவது போல் முழங்காலை நகர்த்தினான். அதற்குள் ஸமல், கத்தியின் கதையைச் சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியை அவன் பக்கம் நீட்டிவிட்டாள். முப்பது முகம் அவனைப் பார்த்தது. அவன் சொன்னான். ரஷ்ய மொழியில்தான் சொன்னான், ஆனால் கிழவர் பட்டாளத்தில் இருந்தவர், அவருக்கு அது நன்றாகவே தெரியும். கடைசி மூச்சையும் சொன்னான், குதிரையைக் கூப்பிட்டதையும் சொன்னான். இருமுறை தடுமாறினான்; அதை அழுகை என்று நினைத்து ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். வாசலோரத்தில் கிழவரும் தட்டினார்.

ஞாயிறு காலை பேருந்து நிலையத்தில் பனி லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சாக்கை மேலே ஏற்றிவிட்டு மெய்ராம் இறங்கி வந்தான். அப்பா, அது வந்து, என்று ஆரம்பித்தான்.

"தலையை அறுத்தது பொழப்பு," என்றார் கிழவர். "அதை நான் ஒண்ணும் சொல்லல. பேரை ஏன்டா குடுத்த?"

"பொய்ப் பேரு சொன்னா பாவம்னு தோணுச்சுப்பா."

கிழவர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதுக்கு மட்டும் பாவம் பாத்தியாக்கும்."

கிழவர் அவன் சட்டைக் காலரில் விழுந்த பனியைத் தட்டிவிட்டார். சின்ன வயதில் அப்படித்தான் தட்டிவிடுவார், கொஞ்சம் ஓங்கித்தான் விழும்.

"அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்காக இல்ல. நல்ல பொம்பளடா, பேரைச் சொல்றப்ப கண்ணு கலங்குது அதுக்கு. நான் உசுரோட இருக்கறப்பவே சொல்லிடு, என்ன?"

சரிப்பா என்றான் மெய்ராம். அடுத்த வருடம் பங்கைப் பேருந்திலேயே அனுப்பிவிடு, எனக்கு இடுப்பு தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஏறிக்கொண்டார்.

சொல்லியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? திங்கட்கிழமை ஸௌரேக்கு விடுமுறை. செவ்வாய் அவளுக்குப் பல்வலி. புதன்கிழமை சமையலறை வரைக்கும் போனான், உருளைக்கிழங்கு உரிக்கிற பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள், உப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான். கூடாரத்து வேலையை மட்டும் விட்டான், முதுகுவலி என்று. அப்பாவும் அம்மாவும் இல்லாத டிக்கெட் கவுண்டர்காரர் ஒருவர் அங்கியைப் போட்டுக்கொண்டார். மெய்ராமுக்கு அது பெரிய காரியம் செய்துவிட்டது போல இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக வந்துகொண்டுதான் இருந்தது. ஸௌரே ரொட்டித் துண்டோடு வருவாள், உங்கள் ஊர்ப் பெரியவர் சௌக்கியமா என்று கேட்பாள். சௌக்கியம் என்பான். அடுத்த வாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றிரவு தூங்கமாட்டான். மார்ச் அப்படியே போயிற்று.

ஏப்ரலில் கீழ்ச்சரிவில் பனி கஞ்சியாகிவிட்டது. விருந்தாளிகள் போய்விட்டார்கள். மெய்ராம் கட்டைகளுக்கெல்லாம் கோடைக்கான மெழுகைத் தடவி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் தங்கை குல்யாஷ் தொலைபேசியில் அழைத்தாள். குட்டி போட முடியாமல் கிடந்த ஆட்டைப் பார்க்க விடியலில் பட்டிக்குப் போன அப்பா, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நாளைக்கு மதியம் அடக்கம்.

பத்தரை மணிக்குப் பேருந்து. ஸமல் நகரத்துக்குப் போயிருந்தாள், விடுப்பைச் சமையலறையில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பா செத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது? அவனுடைய அப்பா செத்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறதே, அந்தச் சமையலறைக் கணக்கில்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஸௌரே மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊருக்குப் போகணும் அக்கா," என்றான். "தாஸ்புலாக் பெரியவர் தவறிட்டார்."

அவள் கை நின்றது. "யாரு, நம்ம இடத்துல உக்காந்து ஓதினாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என்ன அழகாக ஓதினார், ரொட்டியை எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டார் என்று சொல்லிக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து இன்னொரு பிடி மாவைக் கிள்ளி எடுத்தாள்.

"அவரையும் இன்னிக்கே சேத்துக்கறேன். பேரு என்ன தம்பி அவருக்கு? அன்னிக்குக் கேக்கவே இல்ல பாருங்க."

வேறு ஒரு பேரைச் சொல்லிவிடலாம் என்று இப்போதும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது மெய்ராமுக்கு. எத்தனை பேர் இல்லை உலகத்தில்.

"கைர்கென்."

"அது உங்க அப்பா பேரு தம்பி," என்றாள் அவள் இதமாக, துக்கத்தில் குழம்பிவிட்டான் என்று நினைத்து. "நான் கேக்கறது அந்தப் பெரியவர் பேரு."

"ஒரே ஆள்தான் அக்கா."

ஸௌரே அவனைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைப் பார்த்தாள். மூன்று குளிர்காலமும் அவள் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும், தலையும் கத்தியும், தான் ஏந்தி வந்து வைத்த தட்டும், வாசலோரம் உட்கார்ந்து கைதட்டிய கிழவரும். திட்டுவாள் என்று மெய்ராம் நின்றான், காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு போகலாம் என்று நின்றான். இல்லாவிட்டால் அன்றைக்குப் போலத் தன் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணு அவருக்குப் பட்டு மாதிரி இருக்கட்டும் என்று சொல்லிவிட மாட்டாளா என்றும் ஒரு பாழும் ஆசை. அவள் அடுப்பை அணைத்தாள். கை கழுவினாள், விரல் விரலாக.

"போங்க," என்றாள். "மண்ணு போடறதுக்கு முன்னாடியாவது போய்ச் சேருங்க."

அவன் வலது கை பாதி தூரம் நீண்டுதான் இருந்தது. அதை மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தான்.